வழி தெரிந்தவர் கூட வந்தால்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் வலைத்தொழில் செய்யும் ஒருவருக்கு வாயில் புற்று என்று பயாப்ஸி முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் சொல்கிறார்: முப்பது முதல் முப்பத்தைந்து முறை கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், கூடவே வாரம் ஒரு முறை ஊசி மருந்து. மொத்தம் ஆறு, ஏழு வாரம். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் பழவேற்காட்டில் பஸ் ஏறி, இருபது கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் பொன்னேரிக்கு வந்து, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலைப் பிடித்து, சென்னையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி மாறி ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும். மேசையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். போய்வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு அவருக்கும் வருமானம் கிடையாது, துணைக்கு வருபவருக்கும் கிடையாது.

மூன்றாவது வாரம் வாய் வெந்து புண்ணாகும். எச்சில் விழுங்கினாலே உயிர் போகும். வீட்டில் வைக்கும் மீன்குழம்பின் வாசனைகூட வேண்டாம் என்று தோன்றும். கையில் இருந்த காசும் அதற்குள் கரைந்திருக்கும். "வர்றது வரட்டும், விட்டுடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

விட்டால் என்ன ஆகும்? கதிர்வீச்சு ஒரே நாளில் கட்டியை அழிப்பதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் புற்றுச் செல்களைக் கொன்றுகொண்டே போகும். இடைவெளி விட்டால், தப்பிய செல்கள் அந்த நாட்களில் வேகமாகப் பெருகிக்கொள்ளும். வாய், தொண்டைப் புற்றிலும் கருப்பை வாய்ப் புற்றிலும் குறித்த காலத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர், உள்கதிர் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். ஒரு வாரம் விட்டுவிட்டு "அப்புறம் சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று சொல்ல முடியாத சிகிச்சை இது.

அந்த மூன்றாவது வாரத்தில், அதே மேசையில் படுத்து எழுந்து இப்போது நன்றாக இருக்கும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுண்ணே. ஆறாவது வாரம் வரைக்கும் கூடும். கதிர் முடிஞ்ச பிறகு கொஞ்சங்கொஞ்சமா ஆறிடும்" என்று சொன்னால் அதன் எடை வேறு. மருத்துவரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் சொல்பவர் அதைப் பட்டவர் என்பதால் கேட்பவர் நம்புகிறார். புற்றுநோயிலிருந்து மீண்டவர் இன்னொரு நோயாளிக்குச் செய்யும் உதவியை நாம் ஆறுதல் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். என் கருத்தில் அது சிகிச்சையின் ஒரு பகுதி. பாதியில் விடாமல் முடிக்க வைப்பதுதான் அதன் முதல் வேலை.

இந்த வேலையை உலகத்துக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் டெரீஸ் லாசர் என்ற நியூயார்க் பெண்மணி. 1952-ல் மார்பகப் புற்றுக்காக அவருக்கு மார்பு அகற்றப்பட்டது. அந்தக் காலத்து அறுவையில் மார்பு மட்டுமல்ல, அதன் கீழிருந்த தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கையைத் தூக்க முடியாது. எப்படித் தூக்கப் பழகுவது, எந்த உள்ளாடை போடுவது, கணவரிடம் என்ன சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. லாசர் தானே கற்றுக்கொண்டு, பிறகு மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், புதிதாக அறுவை முடிந்த பெண்களின் கட்டிலருகே நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு பொய் மார்பு, கைப்பயிற்சிக்கு ஒரு பந்து, ஒரு கயிறு. முதலில் மருத்துவர்கள் பலர் அவரை உள்ளே விடவே தயங்கினார்கள். நோயாளிக்கு நோயாளி என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும் என்பது அவர்கள் எண்ணம். 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அவருடைய இந்த முயற்சியைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது.

அதே 1950-களில்தான், மார்பகப் புற்று கண்ட பெண்களுக்காக ஒரு கூட்டம் நடத்த நினைத்த ஃபேனி ரோஸ்னோ என்பவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு விளம்பரம் தரப் போனார். மார்பு என்ற சொல்லையும் புற்றுநோய் என்ற சொல்லையும் அச்சிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கிலேயே அந்த நிலை என்றால், நம் குப்பங்களில் இன்றைக்கும் "அவங்களுக்கு அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை. அதை மாற்றினால் போதும்.

குரல்வளையைப் புற்றுக்காக அகற்றியவர்களின் கதையும் இதே காலத்தது. குரல்வளை போனால் பேச்சு போய்விடும். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. காற்றை உணவுக்குழாய்க்குள் விழுங்கி, ஏப்பம் விடுவதுபோல் வெளியே தள்ளி, அதிலிருந்து சொல்லை உண்டாக்க ஒரு முறை இருக்கிறது. சிகிச்சையாளர் சொல்லித் தரலாம். ஆனால் அப்படிப் பேசும் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசிக் காட்டும்போதுதான் கேட்பவருக்கு இது நடக்கும் என்ற நம்பிக்கை வரும். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து 1952-ல் அமெரிக்காவில் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். ஹர்மலா குப்தா கனடாவில் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஹாட்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று வந்தது. குணமாகி டெல்லி திரும்பியவர், 1991-ல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் 'கேன்சர் சஹயோக்' என்ற குழுவைத் தொடங்கினார். மீண்டவர்களும், உறவினரைப் பராமரித்தவர்களும் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் அதன் வேலை. பேச்சு மட்டும் போதாது, முற்றிய நிலையில் வீட்டோடு கிடப்பவர்களுக்கு வலி தீர்க்க யாராவது வீட்டுக்கே போக வேண்டும் என்று கண்டு, 1996-ல் 'கேன்சப்போர்ட்' என்ற அமைப்பை உண்டாக்கினார். மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் சேர்ந்த குழுக்கள் வீடு வீடாகப் போகின்றன. மும்பையில் வந்தனா குப்தா, அவரும் நிணநீர்ப் புற்றிலிருந்து மீண்டவர், 1994-ல் தொடங்கிய 'வி கேர்' அறக்கட்டளை டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிகளுக்குத் துணை நிற்கிறது. சிறு வயதில் புற்று வந்து பிழைத்து வளர்ந்த இளைஞர்கள் 2009-ல் மும்பையில் 'உகம்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். தன் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்று என்று கேட்டு உடைந்துபோன தாய்க்கு, அதே நோய் வந்து பிழைத்து இன்று கல்லூரிக்குப் போகும் பெண்ணைக் காட்டுவதைவிடப் பெரிய தைரியம் எதுவும் இல்லை.

தமிழ் வாசகருக்கு நன்றாகத் தெரிந்த முகம் நடிகை கௌதமி. முப்பத்தைந்து வயதில் மார்பில் கட்டியைத் தானே தடவிக் கண்டுபிடித்தவர். சிகிச்சை முடிந்த பிறகு அதை மறைக்காமல் மேடைகளில் பேசினார். 'லைஃப் அகெய்ன்' என்ற அறக்கட்டளையை அமைத்தார். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கும் 2012-ல் சிகிச்சை முடித்துத் திரும்பி 'யூவீகேன்' அமைப்பைத் தொடங்கினார். பிரபலங்களின் பேச்சு ஊர் முழுக்கக் கேட்கும், அது தேவைதான். ஆனால் கோட்டைக்குப்பத்து நோயாளிக்கு, அவர்கள் வசதி வேறு, நம் வசதி வேறு என்று ஒரு எண்ணம் வந்தே தீரும். அதே தெருவில், அதே கடனோடு, அதே பஸ்ஸில் போய்வந்து பிழைத்த ஒருவர் சொன்னால் அந்த எண்ணத்துக்கு இடமில்லை.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சா, கணக்கு ஏதாவது உண்டா என்று கேட்கலாம். நியூயார்க் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் வரும் அரசு மருத்துவமனையில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் வேலை பார்த்தார். அங்கே மார்பகப் புற்றோடு வந்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 39 சதவீதம் மட்டுமே. பலர் வரும்போதே முற்றிப் போயிருந்தது. 1990-ல் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். சந்தேகம் என்று தெரிந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை நோயாளியோடு கூடவே இருந்து, எந்த அறை, எந்தத் தாள், எந்தத் தேதி, காசுக்கு என்ன வழி என்று பார்த்துக்கொள்ள அந்த வட்டாரத்து ஆட்களையே நியமித்தார். இலவசப் பரிசோதனையும் கூடச் சேர்ந்தது. பின்னால் வந்த பெண்களிடம் அந்த 39 என்பது 70 சதவீதமாக உயர்ந்தது. காலப்போக்கில் மருந்துகளும் மேம்பட்டன என்பது உண்மை. ஆனாலும் சீக்கிரம் வந்ததும் பாதியில் விடாததும்தான் பெரிய காரணம் என்பதில் ஃப்ரீமனுக்குச் சந்தேகம் இல்லை. இப்போது டாட்டா நினைவு மருத்துவமனையிலும் இதற்கென்று ஆட்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் 'கேவட்'. ராமனைக் கங்கை கடத்திவிட்ட படகோட்டியின் பெயர் அது.

சரி, ஒரு மீண்டவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது? கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கதிர்வீச்சைக் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் வார்டுகளில் சொல்கிறார்கள். மின்சாரம் பாயும், உடம்பு கருகும், ஷாக் அடிக்கும் என்று பயந்துகொண்டே பலர் போகிறார்கள். வாய், கழுத்துப் பகுதிக்கு என்றால் முதலில் ஒரு முகமூடி செய்வார்கள். துளைத்துளையாக இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, ஈரத்தோடு முகத்தின் மேல் இழுத்து அமுக்குவார்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நிமிடங்களில் இறுகி, மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் அச்செடுத்ததுபோல் நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் அந்த முகமூடியைப் போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது என்பதற்காக. பிறகு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் அந்த அறையில் தனியாகக் கிடக்கும்போது வரும் பயம் சாதாரணமானதல்ல.

இதை அனுபவித்தவர் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மூச்சு நன்றாக விடலாம், துளைகள் இருக்கின்றன. வெளியே இருப்பவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கஷ்டமாக இருந்தால் கையைத் தூக்கினால் போதும், நிறுத்திவிடுவார்கள். எதுவும் சுடாது, எதுவும் குத்தாது, இயந்திரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். வெளியிலிருந்து தரும் கதிர் உடம்பில் தங்குவதில்லை, வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம். இந்த நாலு வாக்கியம் தெரியாமல் முதல் நாளே திரும்பி வந்துவிட நினைப்பவர்கள் உண்டு.

அதேபோலத்தான் வாய்ப் பயிற்சி. வாய்ப் புற்றுக்கு அறுவையும் கதிரும் ஆனவர்களுக்குத் தாடைத் தசை இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். கவனிக்காமல் விட்டால் ஒரு விரல்கூட நுழையாத நிலை வந்துவிடும். ஐஸ் குச்சிகளை அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி என்று கூட்டிக்கொண்டே போகும் எளிய பயிற்சியைப் பல மருத்துவமனைகளில் சொல்லித் தருகிறார்கள். வலிக்கும். வலிப்பதால் விட்டுவிடுவார்கள். "நான் ஆறு குச்சியில ஆரம்பிச்சேன், இப்போ பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டும் ஒருவர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால், விட மாட்டார்கள். கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் போய்க் கெட்ட பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், தொடங்கிய பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே ஆறாமல் போகலாம் என்பதும் இப்படி ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டிய விஷயம். மூக்கு வழியாக டியூப் போட்டால் ஆள் அவ்வளவுதான் என்று ஊர் நினைக்கும். வாய்ப்புண் ஆறும்வரை உடம்பில் சத்து இறங்குவதற்கான வழி அது, பிறகு எடுத்துவிடுவார்கள் என்று, எடுத்துவிடப்பட்ட ஒருவர் சொல்லட்டும்.

மார்பகப் புற்றுக்கு அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சியை இன்றைக்கும் சொல்லித் தருகிறார்கள். பழவேற்காட்டுப் பெண்களுக்கு இங்கே தனியாக ஒரு எச்சரிக்கை வேண்டும். மீன் ஆய்வதும், நண்டு பிரிப்பதும், ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பதும் இங்கே அன்றாட வேலை. அந்தக் கையில் முள் குத்தினாலோ நண்டு கடித்தாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைக்க வேண்டும். சிவந்து, சூடாகி, வீங்கத் தொடங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மீன்கூடை தூக்கலாமா, எப்போதிலிருந்து, எவ்வளவு எடை என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளலாம். நகரத்து மருத்துவமனையில் அச்சடித்துத் தரும் தாளில் நண்டு இருக்காது. இந்த ஊரில் அந்த நோயோடு வாழ்ந்த ஒரு அக்காவுக்குத்தான் அது தெரியும்.

ஊசி மருந்து எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்து கொடுத்தால் அதுவே உயிர் காக்கும். மருந்து ஏறிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டுப் படுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கிளம்ப வேண்டும். வாசலில் 108 நிற்கும் வசதி உள்ள ஊருக்கும், ஏரியைத் தாண்டி இருக்கும் குப்பத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் நிறைய. யார் வண்டி, யார் போன் என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

காகிதம் அடுத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கமே வீண். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய் அறுவை, ஊசி மருந்து, கதிர்வீச்சு அதில் அடங்கும். அதற்குக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். நம் மாவட்டத்தின் தலைநகரான திருவள்ளூர் பழவேற்காட்டிலிருந்து கிட்டத்தில் இல்லை. ஒரு தாள் குறைந்தாலும் திரும்பி வந்து இன்னொரு நாள் போக வேண்டியதுதான். ஒருமுறை அந்த வழியாகப் போய்வந்தவர் கூட வந்தால் ஒரே பயணத்தில் முடியும். பெண் நோயாளி என்றால், சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்து வழியைத் திட்டமிடலாம்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே ஸ்லைடும் பிளாக்கும் கேட்பார்கள். கண்ணாடித் துண்டில் ஒட்டிய சதையும், மெழுகில் பதித்த சதையும்தான் அவை. பரிசோதித்த ஆய்வகத்தில் கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டும் என்று தெரியாததால் மறுபடி பயாப்ஸி, மறுபடி பத்து நாள். எல்லாத் தாளையும் தேதி வாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததைப் பார்த்த ஏரிக்கரை மக்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

எந்த மருத்துவமனை என்ற கேள்விக்கு, வடசென்னையில் ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அரசும் அறக்கட்டளையும் நடத்தும் இடங்கள் உண்டு. அடையாறு மருத்துவமனையின் பிறப்பே இந்தப் பேச்சுக்குப் பொருத்தமானது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை முப்பது ஆண்டு மனதில் சுமந்து, 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு அதைத் திறக்க வைத்தார். நோய் தனக்கே வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கும் இந்த வேலையில் இடம் உண்டு.

எச்சரிக்கை சொல்லாமல் தாண்ட முடியாத இடம் ஒன்று உண்டு. மீண்டவர் மருத்துவர் இல்லை. "எனக்கு இந்த மாத்திரைதான் கேட்டுச்சு, நீயும் போடு" என்று சொன்ன நிமிடத்தில் உதவி தீங்காக மாறிவிடும். புற்று என்பது ஒரே நோய் அல்ல. ஒரே மார்பகப் புற்றிலேயே வகைகள் உண்டு, மருந்தும் வேறு, போக்கும் வேறு. "எனக்குச் சரியாச்சு, உனக்கும் கண்டிப்பா ஆயிடும்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். ஆகாமல் போனால் அந்தக் குடும்பம் இரட்டிப்பாக உடையும். "நான் கூட இருக்கேன், கேட்க வேண்டியதைச் சேர்ந்து போய்க் கேட்போம்" என்பதோடு நிற்கலாம். கத்தி பட்டால் பரவும், பயாப்ஸி எடுத்தால் பரவும், தட்டு தம்ளர் தனியாக வைக்க வேண்டும் என்பவை தவறு என்று துணிந்து சொல்லலாம். ஊசி மருந்து ஏறும் காலத்தில் பக்கத்து ஊர்ச் சூரணத்தைச் சேர்த்துச் சாப்பிடுபவர்களிடம் அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம்.

ரகசியம் காப்பது இன்னும் முக்கியம். குப்பத்தில் ஒரு வீட்டுச் செய்தி ஏலத்திடலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கும் வீட்டில் தாய்க்கு வந்த நோயை வெளியே சொல்லத் தயங்குவார்கள். அவர்கள் சொல்லாதவரை நாமும் சொல்லக் கூடாது. பணம் வசூல் செய்து கையில் வாங்கும் வேலையும் வேண்டாம். மருத்துவமனைக்கோ குடும்பத்துக்கோ நேராகப் போகட்டும்.

வாய்ப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. அதை அவர்கள் செய்தால்தான் எடுபடும். படகில் தூக்கம் வராமல் இருக்க, பசி தெரியாமல் இருக்க என்று புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கும் பழக்கத்தை விடச் சொல்வதுதான் அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மெல்லும் புகையிலையை மட்டுமல்ல, வெறும் பாக்கையும் புற்றை உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை இல்லாத பாக்கு பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சுனிதா தோமர், புகையிலை மென்று வாய்ப் புற்று வந்து முகம் சிதைந்த நிலையிலும் அரசின் விளம்பரப் படத்தில் தோன்றி, இதைத் தொடாதீர்கள் என்று நாட்டுக்குச் சொன்னார். முப்பது வயதைத் தொடாமலே 2015 ஏப்ரலில் இறந்துபோனார். நம் குப்பத்தில் யாரும் அந்த அளவுக்குப் போக வேண்டாம். கரையில் வலை சரிசெய்யும் பையன்களிடம், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டு என்று சொன்னால் போதும். பெண்களிடம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ தள்ளிப் போடாதே என்று சொன்னால் போதும்.

இத்தனையையும் ஒருவர் தலையில் போட முடியாது. இங்கேதான் கோட்டைக்குப்பத்திடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் சுத்துவலை போட 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை வைப்பது என்று முறை வைத்து, எல்லாருக்கும் ஏரி கிடைக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஒரு நோயாளியை முப்பத்தைந்து நாள் சென்னைக்கு அழைத்துப் போவதையும் அப்படிப் பாடு வைத்துப் பிரிக்கலாம். பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் ஒருவருக்கு மூன்று, நான்கு நாள்தான் வரும். வழி தெரிந்த மீண்டவர் முதல் வாரம் மட்டும் கூடப் போய் மற்றவர்களுக்கு வழி காட்டிவிடலாம்.

உதவி செய்பவரும் மனிதர்தான். தன் சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆகட்டும், உடம்பும் மனமும் தேறட்டும். தான் கூட்டிப்போன ஒருவர் இறந்துவிட்டால், அவர் போய்விட்டார், நான் ஏன் இருக்கிறேன் என்ற கேள்வி தூங்க விடாது. தன் அடுத்த ஸ்கேன் தேதி நெருங்கும்போது பயம் வரும். அப்போது சில மாதம் ஒதுங்கி இருப்பதில் தவறே இல்லை. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். அது 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. மருத்துவச் சந்தேகங்களுக்கு 104 என்ற எண் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நானே என்று நிற்க வேண்டியதில்லை.

2022-ல் மட்டும் இந்தியாவில் 14 லட்சம் பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் கண்டதாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. மீண்டவர்களும் நம்மிடையே அதிகமாகிக்கொண்டே வருகிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர், சிகிச்சை முடிந்து ஓராண்டு தாண்டியவர் என்றால், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். உங்கள் பெயர், ஊர், எந்தப் புற்று, போன் நம்பர் இந்த நான்கையும் எழுதிக் கொடுத்து, எங்கள் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.